கோப்பைக் கடத்துவதா, உய்ப்பதா, படியெடுப்பதா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே பெரிய கோப்புகளைக் கொண்டுசேர்க்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் மாலைக்குள் சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்களையும் தொடர்களையும், ஒப்படைக்க வேண்டும். மற்றவை முடிந்துவிட்டன. 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்ற ஒன்றிலேயே இரண்டு நாளாக நிற்கிறேன்.

தலைப்பில் 'கோப்புப் பரிமாற்றம்' என்று போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. வினையாக்கினால் சிக்கல். 'கோப்பு பரிமாறப்பட்டது' என்றால் விருந்து நினைவுக்கு வருகிறது. 'பரிமாற்றப்பட்டது' என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. தவிர, பரிமாற்றம் என்றால் இருவரும் கொடுத்து வாங்குவது. இங்கே பழைய கணினியிலிருந்து புதியதற்கு ஒரே திசையில் போகிறது.

ஒரே வேரிலிருந்து பெயரும் வினையும் வர வேண்டும். 'பாதியில் நின்றது', 'தொடர்', 'முடிந்தது' எல்லாவற்றோடும் ஒட்ட வேண்டும். பொத்தானில் பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை. 'கடத்தல்' என்று நினைத்தேன், ஆனால் 'உங்கள் கோப்பு கடத்தப்பட்டது' என்று திரையில் பார்ப்பவர் பதறிப்போவார். உங்கள் கருத்து தேவை.

தமிழாசிரியர் எழுதியது:

தம்பி,

கடத்தலைக் கண்டு இவ்வளவு அஞ்ச வேண்டாம். வெப்பக் கடத்தல், மின்கடத்தி என்று பிள்ளைகள் பாடத்தில் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட என்ற வினையின் பிறவினை அது; ஓர் எல்லையைத் தாண்டச் செய்வது என்பதே பொருள். ஆனாலும் செய்தித்தாள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

என் பரிந்துரை 'உய்த்தல்'. 'சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்பது அறிவு' என்பது குறள் 422. மனத்தைப் போன போக்கில் விடாமல் உரிய இடத்தில் கொண்டு செலுத்துவது உய்த்தல். கோப்புக்கும் அதுதானே வேண்டும்? இன்னொன்று பாருங்கள். அதே உய் தன்வினையாக வரும்போது பிழைத்தல். 'உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்பது 110. போய்ச் சேர்வதும் சேதமில்லாமல் பிழைப்பதும் ஒரே வேருக்குள் இருக்கின்றன. உய்ப்பு, உய்க்கிறது, உய்த்தது. இதைவிட வளமான சொல் எனக்குத் தெரியவில்லை.

திசையைப் பற்றிக் கேட்டீர்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று நான்கையும் ஒன்றாக நிறுத்திப் பிரிக்கிறார். தருவதும் வருவதும் தன்மை, முன்னிலைக்கு உரியன. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியன. நீங்கள் புதிய கணினியின் முன் உட்கார்ந்து கோப்பை இழுத்தால் அது உங்களுக்குத் தரப்படுகிறது. பழைய கணினியின் முன் உட்கார்ந்து தள்ளினால் அங்கே கொடுக்கப்படுகிறது. யார் எங்கே நின்று பேசுகிறார் என்பது நம் வினைக்குள்ளேயே இருக்கிறது. எச்சவியலில் இன்னும் நுட்பம் உண்டு: ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. உங்கள் இரண்டு கணினிகளும் நிகரானவை என்றால் பெறும் பொத்தானில் 'தா' என்றுதான் எழுத வேண்டும். ஓரெழுத்து, இடமும் மிச்சம்.

வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

> உய்ப்பு, உய்க்கிறது, உய்த்தது

ஐயா, வணக்கம். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்ற நன்னூல் விதிப்படி கோப்பும் உய்ப்பும் சேர்ந்தால் 'கோப்புய்ப்பு'. விதி சரி. வாயில் வரவில்லை. நான் தொலைபேசியில் வழிசொல்லும் வேலை செய்கிறேன். 'உய்ப்பு என்ற பொத்தானை அழுத்துங்கள்' என்றால் எதிர்முனையில் இருப்பவர் 'எந்தப் பொத்தான்?' என்று மூன்று தரம் கேட்பார். அவர் கையில் வடத்தை வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் நேரம் அது. நிகர் பற்றியும் ஒரு சொல்: இரண்டில் ஒன்று காத்திருக்கிறது, மற்றது போய்க் கதவைத் தட்டுகிறது. அந்த நேரத்துக்கு ஒன்று வழங்கி (சர்வர்), மற்றது கேட்பது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இங்கே எதுவும் இடம் மாறுவதில்லை. மூலக்கோப்பு பழைய கணினியிலேயே இருக்கிறது, புதியதில் அதைப் போல ஒன்று எழுதப்படுகிறது. கடத்தல், உய்த்தல், இடமாற்றம், பெயர்ப்பு எல்லாமே இருந்த இடத்தை விட்டுப் போய்விட்டது என்ற எண்ணத்தைத் தருகின்றன.

இது வெறும் சொல் நயம் இல்லை. என் அண்ணன் 200 ஜிகாபைட் படங்களையும் காணொளிகளையும் இப்படித்தான் மாற்றினார். நேரடியாக வடம் போட்டிருந்தார். ஜிகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் போகும், அரை மணி நேரத்தில் முடியும். ஆனால் பழைய கணினியின் வலையட்டை 100 மெகாபிட்தான் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). நொடிக்கு 11 மெகாபைட், ஐந்து மணி நேரம். நடுவில் மடிக்கணினி உறங்கிவிட்டது. எழுப்பித் தொடர்ந்தார். கடைசியில் திரையில் 'இடமாற்றம் முடிந்தது' என்று வந்தது. இடம் மாறிவிட்டது என்றால் பழைய இடத்தில் இருப்பது குப்பைதானே என்று பழைய வட்டை அன்றே அழித்துவிட்டார். மூன்று காணொளிகள் பாதியோடு நிற்கின்றன என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் ஒன்று எங்கள் அப்பா பேசியது.

'படி எடுக்கப்பட்டது' என்று வந்திருந்தால் அசலைத் தொடுமுன் அண்ணன் ஒரு நிமிடம் யோசித்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். என் வாக்கு 'படியெடு' என்பதற்கு.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

படி நம் பழைய சொல். ஓலை இற்றுப்போகுமுன் அடுத்த ஓலைக்கு எழுதுவதைப் படியெடுத்தல் என்றுதான் சொன்னார்கள். ஏடு பெயர்த்தெழுதுபவர் கை தவறினால் ஒரு எழுத்து மாறும், ஒரு வரி விடுபடும். அதனால்தான் பாடபேதம். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது ஒரே ஒரு சுவடியை நம்பி அச்சுக்குக் கொடுக்கவில்லை. பல சுவடிகளை அடுக்கி வைத்து ஒப்புநோக்கினார். உங்கள் அண்ணனுக்கு நடந்ததில் படியெடுப்பு இருந்தது, ஒப்புநோக்கல் இல்லை.

மென்பொருளில் அப்படி ஒப்புநோக்கும் கட்டம் உண்டா தம்பி?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

உண்டு ஐயா. இரண்டு பக்கமும் கோப்பை முழுவதுமாகப் படித்து ஷா-256 முறையில் ஓர் எண்ணைக் கணக்கிடும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அந்த எண் 64 எழுத்து நீளம்தான். ஒரு பிட் மாறியிருந்தாலும் இரண்டு எண்களும் பொருந்தா. அதற்கு 'சரிகாண்தொகை சரிபார்ப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். 'ஒப்புநோக்கல்' எவ்வளவோ மேல். எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, படியில் எனக்கு ஒரு தயக்கம். ஒரே கணினியில் ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்கு எடுப்பதும் படிதான். இந்த மென்பொருளின் தனித்தன்மையே நடுவில் வடமோ வைஃபையோ இருப்பது. அது சொல்லில் வரவில்லையே?

கணினி ஆசிரியை எழுதியது:

வணக்கம். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பரிமாற்றத்தை விட்டுவிடாதீர்கள். என் மாணவர்கள் 'மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை' (ஹெச்டிடிபி) என்று எழுதித் தேர்வு எழுதுகிறார்கள். 1971இல் அபய் பூஷண் வரைந்த கோப்பு நெறிமுறைக்கும் (எஃப்டிபி) நாங்கள் வகுப்பில் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். பாடத்தில் ஒரு சொல், திரையில் வேறொரு சொல் என்றால் பிள்ளை இரண்டும் வேறு என்றே நினைக்கும். நல்ல சொல் இருந்தும் ஆங்கிலத்துக்கே ஓடிப்போவது இப்படித்தான்.

ஒரே திசையில் போகிறது என்பதும் முழுக்கச் சரியில்லை. கோப்பு 1460 பைட்டு அளவுள்ள துண்டுகளாகப் போகிறது. பெறும் கணினி 'வந்தது, வந்தது' என்று ஒப்புகையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது, பொதுவாக இரண்டு துண்டுக்கு ஒரு தரம். அந்த ஒப்புகை நின்றால் அனுப்புவதும் நின்றுவிடும். கொடுத்தலும் வாங்கலும் இல்லாமல் ஒரு பைட்டுகூடச் சேராது. இது பரிமாற்றம் இல்லாமல் வேறென்ன?

தமிழாசிரியர் எழுதியது:

ஒப்புகை பற்றிய விளக்கம் அழகு. ஆனால் அம்மா, பரி என்ற முன்னொட்டு வடமொழியிலிருந்து வந்தது என்பார்கள். நான் முழுதும் ஏற்கவில்லை. பரிதல் என்றால் ஓடுதல், பரி என்றால் விரைவு, குதிரைக்கும் அதனால்தான் அந்தப் பெயர். விரைந்து மாறுவது பரிமாற்றம் என்று

வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

ஐயா, மடல் பாதியில் வந்திருக்கிறது. மீதியை அனுப்புங்கள்.

அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'அனுப்பு', 'பெறு' என்ற இரண்டையும் யாரும் பேசவில்லை. ஒரு படத்தைக் கைப்பேசியில் அனுப்பினால் தன்னிடம் இருப்பது போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை. என் கவலை அதில் தீர்கிறது. நடுவில் தொலைவு இருப்பதும் அதில் தானாக வருகிறது. எல்லாருக்கும் தெரிந்த சொல். தூய்மைக்கும் குறைவில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இன்று மாலை ஒப்படைக்க வேண்டும், அதனால் இப்படி முடிவு செய்கிறேன். தலைப்பு 'கோப்புப் பரிமாற்றம்'; பாடத்தோடு ஒத்துப்போகட்டும். பொத்தான்கள் 'அனுப்பு', 'பெறு'. ஓடும்போது 'போய்க்கொண்டிருக்கிறது', முடிந்ததும் 'படி போய்ச் சேர்ந்தது'. அடுத்து 'ஒப்புநோக்குகிறது'. அது முடிந்த பிறகு ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன்: 'அசல் கோப்பு பழைய கணினியில் அப்படியே உள்ளது.' மூலத்தில் இல்லாத வரி. அக்காவின் மடலைப் படித்த பிறகு சேர்க்காமல் இருக்க முடியவில்லை. மற்ற மொழிகளுக்கும் சேர்க்கலாம் என்று நிரலாளர் சொல்லியிருக்கிறார்.

ஒரே வேர் என்று தொடங்கினேன், பல வேர்களோடு முடித்திருக்கிறேன். திரையில் ஓட்டிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். உய்ப்பில் என் கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இன்று வாயில் வராதது என்பதால் ஒரு சொல் தகுதியற்றதாகிவிடாது. நான்கு பேர் நாலு மாதம் புழங்கினால் வரும்.

பாதியில் நின்ற கோப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? முழுமை பெறாத சுவடியைக் குறைப்பிரதி என்பது வழக்கம். 'குறைப்படி' என்று வைக்கலாம்.

வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

ஐயா, நல்ல சொல். ஆனால் 'குறைப்படி' என்றால் ஆணைப்படி, விதிப்படி போலக் குறைக்கு ஏற்ப என்று படிக்கத் தோன்றுகிறது. வினைத்தொகையாக்கி ஒற்று மிகாமல் 'குறைபடி' என்று எழுதினால்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, அக்கா, இரண்டில் எது என்று ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சரம் மட்டும் காலியாக இருக்கிறது.