அகாவேயின் பித்து தெளியும் காட்சி: எப்படி இயக்குவது?

கூத்தாடி: யூரிப்பிடிஸின் பண்டைய கிரேக்க நாடகம் ‘பாக்கே’ ஒத்திகையில் இருக்கிறோம். பித்தில் தானே கொன்ற மகனின் தலையைச் சிங்கத்தலை என்று ஏந்திவரும் அகாவே, தெளியும்போது ஒரேயடியாக அலறிவிடுகிறார். எங்கே பிசகு?

திரைச்சீலை: அவசரம்தான். அகாவேயின் தந்தை காட்மஸ் அவளைப் பித்திலிருந்து படிப்படியாக இறக்குகிறார். முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்கிறாள். பிறகு கணவன் பெயர், மகன் பெயர். அதன்பின்தான் “கையில் யார் தலை?” “சிங்கத்தலை, வேட்டையாடியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்” என்கிறாளே, விரிசல் அங்கே விழுகிறது. பழியைப் பிறர்மேல் போடுகிறாள். அந்த வரிவரை பார்வை தலைப்பக்கம் போகவே கூடாது. அலறல் அதற்கும் பின்னால். ஆளுக்கொரு வரியாக நகரும் உரையாடல் இது, நடுவில் இசை போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

முகமூடி: கண் உருட்டல், வாயில் நுரை எல்லாம் முன்பே கொலையைச் சொல்லும் தூதுவன் வாய்மொழியிலேயே வந்துவிடுகிறது, நடிகர்கள் முகமூடி அணிந்து ஆடிய நாடகத்தில் வேறு வழியில்லை. நடிகை அதைத் திரும்பச் செய்தால் மிகைதான். வெறும் தெர்மோகோல் தலை வேண்டாம், கை பொய் சொல்லிவிடும். உள்ளே மணல் பை வைத்து 2 கிலோவாவது ஆக்குங்கள்.

கூத்தாடி: இசையை எடுத்துவிடுகிறேன் ஐயா. தலையின் முகம் யார் பக்கம்?

முகமூடி: அவள் மார்புப் பக்கம். “நன்றாகப் பார்” என்றதும் அவளே திருப்பட்டும்.