ஷீபாவுக்கு வண்டி (குடும்ப வாட்ஸ்அப் குழுவில்)

லீலா மைனி: அம்மா அடக்கத்துக்கு வர ஷீபாவுக்கு பஹ்ரைனிலிருந்து விமான டிக்கெட் கிடைத்துவிட்டது. இன்று இரவு 2.40க்கு திருவனந்தபுரத்தில் இறங்குகிறாள். இவர் கோவிலுக்குப் போயிருக்கிறார். யாராவது வண்டி பாருங்கள்.

மேரி மாமி: அவள் அம்மா முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூடக் கூடாது. அடக்கம் எத்தனை மணிக்கு?

ஜெபா அண்ணன்: 11.

அஜின்: ஆப்பில் போட்டுவிடலாம். ஊபர் இருக்கிறது.

மேரி மாமி: எதற்கு? எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கார் சும்மாதான் நிற்கிறது. டீசலும் கைக்காசும் கொடுத்தால் போதும்.

ராஜன் சித்தப்பா: அக்கா, அது ஓன் போர்டு, வெள்ளைப் பலகை வைத்த சொந்த வண்டி. உதவிக்குக் கூட்டி வந்தால் சரி, காசு வாங்கினால் வாடகை. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. களியக்காவிளை எல்லையில் நிறுத்திவிட்டால் பிள்ளை நடுராத்திரி ரோட்டில் நிற்பாள். எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ்காரன் கைவிரிப்பான், சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி அது. வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். பேட்டரி வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. எனக்கு முதல் வண்டி எடுக்கக் கம்மலை அடகு வைத்துத் தந்தவர் ஷீபாவின் அம்மா, என் மைனி. அவர் பிள்ளையைக் கண்ட வண்டியில் ஏற்ற விடமாட்டேன்.

ஜெபா அண்ணன்: சரி சித்தப்பா.

லீலா மைனி: ஃபிரேமுக்கு எந்தப் போட்டோ?

மேரி மாமி: அஜின் அக்கா கல்யாணத்தில் நீலச் சேலை கட்டியது. அன்றைக்கு எனக்கு மட்டும் வண்டி அனுப்பவில்லை, பஸ்ஸில் வந்தேன்.

லீலா மைனி: மாமி, அது இப்போது வேண்டாம்.

அஜின்: கேரள அரசின் ஆப் ஒன்று உண்டே சித்தப்பா, கேரள சவாரி?

ராஜன் சித்தப்பா: உண்டு மக்களே, நல்ல காரியம். 2022 ஆகஸ்டில் தொழிலாளர் துறை திருவனந்தபுரத்தில் தொடங்கியது. ஆனால் நமக்கு எல்லை தாண்டித் தக்கலை வரை 50 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். எந்த ஆப்பாக இருந்தாலும் வெளியூர்ப் பயணம் என்று போடு, தமிழ்நாட்டுக்குள் வரப் பெர்மிட் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் போனில் கேள். ஏறும் இடம் டெர்மினல் 2, சாக்கைப் பக்கம். மாற்றிப் போட்டால் அவன் டெர்மினல் 1 இருக்கிற சங்குமுகத்தில் போய் நிற்பான், இவள் இங்கே நிற்பாள்.

ஜெபா அண்ணன்: நாற்காலி 200 சொல்லியிருக்கிறேன். போதுமா?

மேரி மாமி: கஞ்சியும் பயறும் யார் பொறுப்பு?

லீலா மைனி: நம் பங்கின் அன்பியக் குழுவில் பார்க்கிறார்கள்.

ஷீபா அக்கா: ஏர்போர்ட்டில் இருக்கிறேன். என்னிடம் பஹ்ரைன் சிம்தான். ஓடிபி வருமா?

அஜின்: நீ ஒன்றும் செய்ய வேண்டாம் அக்கா. என் போனிலிருந்து உனக்காகப் போடுகிறேன். வண்டி நம்பரும் ஓடிபியும் இங்கே அனுப்புகிறேன்.

ராஜன் சித்தப்பா: ஷீபா, பலகையில் இருக்கிற நம்பரும் அஜின் அனுப்பும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். வேறு வண்டியில் வந்திருக்கிறேன் என்று சொன்னால் ஏறாதே. அஜின், நம்பர் வந்ததும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் அடித்துப் பார். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டும். பயண லிங்க்கைக் குழுவில் போடு, நான் விழித்திருப்பேன்.

ஷீபா அக்கா: அம்மா கையில் ஜெபமாலை வைத்தீர்களா?

லீலா மைனி: வைத்தோம் ஷீபா. நீ வாங்கிக் கொடுத்ததுதான்.

அஜின்: அந்த நேரத்தில் கேன்சல் செய்துவிட்டால்?

ராஜன் சித்தப்பா: அதுதான் என் பயமும். காரணமில்லாமல் ஓட்டுநர் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்று 2025 மத்திய அரசு வழிகாட்டுதலில் இருக்கிறது. 100 ரூபாய்க்கு யார் பயப்படுவார்? மார்த்தாண்டம் ஸ்டாண்டில் என் கூட்டாளி ஒருவனிடம் கேட்டிருக்கிறேன், டி போர்டு டாக்சி, கேரளப் பெர்மிட் இருக்கிறது. 10 மணிக்குச் சொல்கிறேன் என்றான். அதுவரை ஆப்பில் போடாதே.

அஜின்: ரேட் ஏறிவிடும்.

ஜெபா அண்ணன்: ஏறட்டும்.

லீலா மைனி: அப்போ எது? அவள் விமானம் ஏறுவதற்குள் சொல்ல வேண்டும்.

அஜின்: ஏர்போர்ட் உள்ளேயே பிரீபெய்டு கவுண்டரும் இருக்கிறது. 10 மணி வரை பார்க்கிறேன்.

மேரி மாமி: அந்தப் பையனிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே. 12 மணிக்குக் கிளம்புகிறானாம்.

ராஜன் சித்தப்பா: அக்கா, போனை எடுங்கள்.