பெரியவரின் டிராம்போனும் அந்த அரை மில்லிமீட்டரும்

ராயபுரம் கடற்காற்று:
வியாசர்பாடிப் பித்தளை நேற்று இந்தக் குழுவில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. போன ஞாயிறு பெரம்பூரில் மோட்சார்ட்டின் ரெக்வியம் என்னும் இரங்கல் பூசை இசையில், ஸ்லைடு எனும் இழுகுழாயை நீட்டி மடக்கி ஊதும் பித்தளைக் கருவியான டிராம்போனை வாசித்த நம் பெரியவரைப் பற்றி, "76 வயதில் பெரிய துளைக் கருவியைக் கட்டிக்கொண்டு அழுவது வீம்பு; சிறியதற்கு மாறியிருந்தால் இன்னும் அழகாக ஊதியிருப்பார்" என்று அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். ரயில்வே பட்டறையில் பகல் முழுவதும் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக்கும் ஞாயிறுகளில் தேவாலயத்துக்கும் ஓடி ஓடி வாசித்த மனிதருக்கு எந்தக் குழல் பொருந்தும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அவருடைய கருவியின் துளை, அதாவது காற்று போகும் குழாயின் உள் விட்டம், 0.547 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.9 மில்லிமீட்டர். அதற்கு அடுத்த சிறிய அளவு 0.525 அங்குலம், 13.3 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். இந்த அரை மில்லிமீட்டருக்காகவா ஒரு பெரிய மனிதரை வீம்புக்காரர் என்பது?

வியாசர்பாடிப் பித்தளை:
அண்ணா, நான் அவரைப் பழிக்கவில்லை. அவருடைய மூச்சைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். வயது ஏற ஏற நுரையீரலின் நெகிழ்வு குறையும் என்பது யாவரும் அறிந்தது. அரை மில்லிமீட்டர் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் காற்று செல்வது கோட்டின் வழியாக அல்ல, வட்டத்தின் வழியாக. விட்டத்தை வர்க்கமாக்கிப் பாருங்கள், பரப்பில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வரும். நூறு ரூபாய்ச் சம்பளத்தில் எட்டு ரூபாயைப் பிடித்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

தண்டையார்பேட்டைத் தாளம்:
இருவரும் மன்னிக்க வேண்டும். "சிறியது" என்று எதைச் சொல்கிறீர்கள்? 0.525 அளவையா, நடனக் குழுக்களில் ஊதும் 0.500 அளவையா, அல்லது உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சிறிய ஈ பிளாட் ஆல்ட்டோ டிராம்போனையா? மணியின் (குழலின் விரிந்த வாயின்) அகலமும் மவுத்பீஸின் (உதடு வைக்கும் பகுதியின்) கிண்ணமும் சேர்ந்துதானே கருவியின் கனத்தை முடிவு செய்கின்றன? முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் நல்லது.

ராயபுரம் கடற்காற்று:
தம்பி, பேச்சு அரை மில்லிமீட்டரைப் பற்றி. நடுவில் மணியடிக்காதீர்கள்.

எட்டு விழுக்காடு என்று கணக்குப் போட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். சிகாகோ சிம்பொனியில் 1962இல் சேர்ந்த ஜே ஃபிரீட்மேன் என்ற டிராம்போன் கலைஞர், 80 வயதைக் கடந்த பின்னும் அந்தக் குழுவின் முதல் நாற்காலியில் அமர்ந்து வாசித்தார். சிகாகோவின் பித்தளைப் பிரிவு உலகத்திலேயே உரத்தது என்று பெயர் வாங்கியது; அங்கே மாலர், புரூக்னர் ஆகியோரின் பெரிய சிம்பொனிகளை வாசிக்கும்போது, "தாத்தாவுக்கு மூச்சு வாங்கும், மெதுவாக ஊதுங்கள்" என்று யாரும் சலுகை தரமாட்டார்கள். மூச்சை நிறைய வைத்திருப்பது ஒன்று, இருக்கிற மூச்சைச் சிந்தாமல் செலவழிப்பது வேறொன்று. இரண்டாவதை 50 ஆண்டு தினமும் நீண்ட சுரங்களை ஊதிப் பழகியவன்தான் அறிவான். இளைஞன் நுரையீரலால் ஊதுகிறான், பெரியவர் உதட்டால் ஊதுகிறார்.

வியாசர்பாடிப் பித்தளை:
சிகாகோ அரங்கில் குளிர்சாதனம் இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. நம் பெரியவர் வாசித்ததோ கிரீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே, வியர்வை வழிய, மாடியேறிய களைப்போடு. மேலும் அவர் வாசித்த ரெக்வியத்தின் "டூபா மிரும்" பகுதியையே எடுத்துக்கொள்வோம். டிராம்போன் தனியாகத் தொடங்கி, பிறகு கீழ்க்குரல் பாடகர் சேர்ந்துகொள்ளும் இடம் அது. மோட்சார்ட் அதை எழுதிய 1791இல் டிராம்போனின் துளை இன்றைய எந்தப் பெரிய கருவியையும்விடக் குறுகியது, மணியும் சின்னது. பாட்டே சிறிய குழலுக்காக எழுதியது. அரை மில்லிமீட்டரைக் குறைக்கச் சொன்னால் மோட்சார்ட்டின் பக்கம்தானே ஓர் அடி நெருங்குகிறோம்?

ராயபுரம் கடற்காற்று:
மோட்சார்ட்டின் பக்கம் போவதென்றால் முழுவதுமாகப் போங்கள். எஃப் வால்வையும் (கட்டைவிரலால் கூடுதல் குழாயைத் திறக்கும் விசையையும்) கழற்றி எறியுங்கள். லைப்சிக் நகரில் சாட்லர் என்ற கருவி செய்பவர் அதை அமைத்தது 1839இல்தான். ஆனால் பெரியவரின் வலது தோள் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? ஸ்லைடில் ஏழு இடங்கள் இருக்கின்றன. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் கையை முழுவதுமாக நீட்ட வேண்டும். ஒன்பது அடிக் குழாயோடு இடது கட்டைவிரலால் இன்னும் மூன்றடியைச் சேர்த்துக்கொண்டால், ஆறாம் இடத்து எஃப் சுரம் முதல் இடத்திலேயே கிடைத்துவிடும். தோள் வலிக்கிறவருக்கு அந்த வால்வு கைத்தடி மாதிரி. அதைப் பிடுங்கச் சொல்லும் உங்கள் கருணையை என்னவென்பது!

வியாசர்பாடிப் பித்தளை:
வால்வைக் கழற்றச் சொன்னது நானா? 0.525 அளவிலும் எஃப் வால்வு வைத்த கருவிகள் கிடைக்கின்றன. எழுதாததை எழுதியதாகச் சொல்வதும் வாங்கிய பொருளை வாங்கவில்லை என்பதும் சிலருக்குப் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு லூர்து மாதா திருவிழாவுக்காக என் ஸ்லைடைக் கடன் வாங்கிப்போய், வளைத்துத் திருப்பித் தந்த கதையைக் குழுவுக்கு நினைவூட்டட்டுமா?

ராயபுரம் கடற்காற்று:
அந்த ஸ்லைடு என் கைக்கு வந்தபோதே நடக்கவில்லை. தேங்காயெண்ணெய் தடவிய ஸ்லைடு எப்படி நடக்கும்? அரையாண்டுக்கு ஒருமுறையாவது உள்ளே துணி விட்டுத் துடைத்திருக்க வேண்டும். உங்களுடையதில் களிம்பு பச்சைப்பசேலென்று பூத்திருந்தது.

வியாசர்பாடிப் பித்தளை:
களிம்பு பிடிப்பது கடற்காற்று அடிக்கிற ராயபுரத்தில், வியாசர்பாடியில் அல்ல. ஒரு மாதம் அது உங்கள் வீட்டில்தானே இருந்தது?

பெரம்பூர் லோகோ:
சண்டை வேண்டாம் என்று நானே இன்று காலை பெரியவர் வீட்டுக்குப் போய், பட்டறைக் காலத்து வெர்னியர் காலிபரால் உள் ஸ்லைடை அளந்துவிட்டு வந்தேன். 14.6 மில்லிமீட்டர் காட்டியது. நீங்கள் இருவரும் சொன்ன இரண்டு அளவும் தவறு.

தண்டையார்பேட்டைத் தாளம்:
ஐயா, நீங்கள் அளந்தது குழாயின் வெளிப்புறம் போலிருக்கிறது. துளை என்பது உட்புற விட்டம்.

ராயபுரம் கடற்காற்று:
வெளியோ உள்ளோ, அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டர்தான். பெரியவருக்கு முன்பல் இரண்டும் இன்னும் சொந்தப் பல். பித்தளை ஊதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. பல் செட் வைத்ததோடு மவுத்பீஸைப் பெட்டிக்குள் வைத்தவர்கள் நம் பக்கத்துப் பேண்டு செட்டுகளிலேயே எத்தனை பேர்! கருவியை மாற்றினால் உதட்டின் பழக்கம், சுருதியின் இடம், நாக்கின் அடி எல்லாம் மாறும். 30 வயதுக்காரன் அதை ஓராண்டில் சரிசெய்துகொள்வான். 76இல் எதற்கு அந்த வேலை?

வியாசர்பாடிப் பித்தளை:
ஆக, மாற்றினால் எல்லாம் மாறும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் அரை மில்லிமீட்டர் பெரிய விஷயம்தானே?

ராயபுரம் கடற்காற்று:
பழக்கம் பெரிய விஷயம் என்றேன். அரை மில்லிமீட்டர் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவருக்கு அந்த முதல் வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும்? பி பிளாட் சுரத்தில் தொடங்கி இறங்கிய அந்தச் சுரங்களில் ஒன்றிலாவது காற்று இரைந்ததா என்று சொல்லுங்கள்.

வியாசர்பாடிப் பித்தளை:
மூன்றாவது வாக்கியத்தின் முடிவில் மூச்சு அறுந்தது. நான் கேட்டேன்.

ராயபுரம் கடற்காற்று:
அறுந்தது பாடகரின் மூச்சு.

பெரம்பூர் லோகோ:
பெரியவரிடமே கேட்டேன். "மாற்றலாமா ஐயா" என்றதற்கு, "மவுத்பீஸைக் கழுவிவிட்டு வருகிறேன், டீ குடித்துவிட்டுப் போ" என்றார். நாளை மாலை உள்ளளவு எடுக்க மறுபடியும் போகிறேன்.

ராயபுரம் கடற்காற்று:
நானும் வருகிறேன்.

வியாசர்பாடிப் பித்தளை:
வரும்போது என் ஸ்லைடுக்கான பணத்தையும் எடுத்து வாருங்கள், அண்ணா.