புதுப்பிப்பு: எல்ஃப் லொறியின் டப்பெட் சத்தம் பிடிபட்டது

எஞ்சினைப் பிரித்துச் செய்த பிறகும் என் இசுசு எல்ஃபில் தையல் மெஷின் ஓடுவது போலச் சத்தம் நிற்கவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். 4ஜேபி1 டீசல் எஞ்சின். அதன் மிச்சக் கதை இது.

பலர் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் சத்தம் என்றீர்கள். ஒவ்வொரு சிலிண்டராக டீசல் போகாதபடி இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்த்தேன். எஞ்சின் நடுங்கியது, சத்தம் மாறவில்லை. சரி, அது இல்லை. நீள ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து வால்வு கவரைத் தொட்டுக் கேட்டதில் மூன்றாம் சிலிண்டர் பக்கம்தான் பலமாகக் கேட்டது.

டப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, மூன்று தரம் வைத்தாயிற்று, ஆறிய எஞ்சினில் இடைவெளி அளக்கும் 0.40 மி.மீ. ஃபீலர் தகடு சரியாகத்தான் இழுபட்டது. அங்கேதான் ஏமாந்தேன். ராக்கரைக் கழற்றித் திருப்பினால், வால்வைத் தொடும் முகத்தில் பள்ளம். நகம் வைத்தால் தட்டுப்படுகிறது. தட்டையான தகடு பள்ளத்தின் இரண்டு கரையிலும் தங்கிவிடும். வால்வின் நுனியோ உள்ளே இறங்கும். தகடு 0.40 என்று சொன்னாலும் உண்மையான இடைவெளி அதைவிடக் கூட. எஞ்சினைப் பிரித்தபோது ஹெட்டுக்குப் புது வால்வு போட்ட மெக்கானிக் பாஸ் பழைய ராக்கரையே பூட்டிவிட்டார். நானும் கேட்கவில்லை, அது என் பிழை.

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் எட்டு ராக்கரும் வாங்கி மாற்றி, திரும்ப டப்பெட் வைத்தேன். நேற்று சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் வரை ஓடினேன். சத்தம் இல்லை. இப்போதுதான் பின்கதவுக் கொண்டி ஆடுவது கேட்கிறது.