தோல், பட்டு இல்லாமல் வீட்டுச் சாமான்: கோவைப் பக்கம் என்ன வாங்கலாம்?

நொய்யல்கரை:
சூலூரில் புது வீடு, அடுத்த மாதம் குடி போகிறோம். தோல், பட்டு, கம்பளி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டோம், புதிதாக மரம் வெட்டாமல் முடிந்தால் இன்னும் நல்லது. எங்கிருந்து ஆரம்பிப்பதுங்க?

பவானிக்காரன்:
பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் கேளுங்க. தேக்கு உத்தரம், கதவு கிடைக்கும். என் கட்டில் அப்படிச் செய்ததுதான். ஆணியெல்லாம் பிடுங்கி இழைக்க ஆசாரிக்கு நாள் அதிகம் பிடித்தது, கூலியும் கூடியது, ஆனால் நன்றாகக் காய்ந்த மரம் என்பதால் இன்றுவரை வளையவில்லை. விரிக்க எங்கள் ஊர் ஜமுக்காளம் இருக்கு. செயற்கைப் பட்டிலும் நெய்வார்கள், பருத்தியா என்று கேட்டு வாங்குங்க.

கொடுமுடி அக்கா:
பாலிஷ் பற்றி ஆசாரியிடம் முன்கூட்டியே பேசிடுங்க கண்ணு. பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கு. அரக்குப் பூச்சி சுரப்பதைச் சுரண்டி எடுக்கும்போது ஏராளமான பூச்சிகளும் சாகின்றன. எங்கள் மேசைக்கு அடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, மனசு கேட்கவில்லை. இப்போது ஆளிவிதை எண்ணெய்தான். காய நாளாகும், பரவாயில்லை. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீங்க, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்க.

நொய்யல்கரை:
அரக்கு விஷயம் தெரியவே தெரியாதுங்க அக்கா, ரொம்ப நன்றி. மெத்தைக்கு?

ஆனைமலையான்:
பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மெத்தை பாருங்க, ரப்பர் பால் சேர்த்து அழுத்தியது. இல்லையென்றால் இலவம்பஞ்சு, அவ்வப்போது வெயிலில் போட்டால் போதும்.