உதவி: ஆப்பில் பிளே அழுத்தினால் டிரம் மெஷின் அசையவே இல்லை

மின்தவில்:
அவசரம், சனிக்கிழமை வாசிப்பு இருக்கிறது. போனில் உள்ள சீக்வென்சர் ஆப்போடு (தாளத்தை வரிசையாக அமைத்து ஓட்டும் ஆப்) டிரம் மெஷினை இணைத்தேன். பிளே அழுத்தினால் மெஷின் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தனியாக ஓட்டினால் நன்றாகவே ஓடுகிறது. கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மிடி கேபிளைச் சரியாகத்தான் செருகியிருக்கிறேன், ஆப்பில் தாள வேகம் சொல்லும் கிளாக் சிக்னல் அனுப்புவதையும் ஆன் செய்தாச்சு. என்ன செய்யலாம்?

கட்டைவிரல்:
எந்த மெஷின்? எந்த ஆப்? போனிலிருந்து மிடி எப்படி வெளியே வருகிறது?

ஒலிவண்டு:
புளூடூத்தாகத்தான் இருக்கும், சந்தேகமே வேண்டாம். எனக்கு ஹெட்போனில் ஒவ்வொரு அடியும் கையைவிட ஒரு எட்டு பின்னால்தான் கேட்கும். புளூடூத்தை அணைத்துப் பாருங்கள்.

கட்டைவிரல்:
அது ஒலி தாமதம். இவருக்கு மெஷின் கிளம்பவே இல்லை.

மின்தவில்:
புளூடூத் இல்லை. யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், அதிலிருந்து ஐந்து முள் கேபிள். மெஷின் பழசு, வெள்ளி நிறம்.

தாளப்பெருசு:
வெள்ளி நிறமா, பிரமாதம். மாடல் கேட்டால் நிறம் சொல்கிறீர்கள். கையேடு என்று ஒன்று அச்சடிக்கிறார்கள், தெரியுமா? ஆப்பில் விரலைத் தேய்த்துப் பழகியவர்களுக்கு அதெல்லாம் எங்கே.

கட்டைவிரல்:
பெருசு, கொஞ்சம் பொறுங்கள். மின்தவில், மெஷினில் கேபிள் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? மிடி என்றா, சிங்க் என்றா?

மின்தவில்:
சிங்க். பக்கத்தில் இன், அவுட் என்று ஒரு குட்டி ஸ்விட்ச். மாடல் டிஆர்-606. எல்லாம் ஒன்றுதானே?

கட்டைவிரல்:
ஒன்றில்லை, அங்கேதான் எல்லாரும் மாட்டுகிறோம். மிடி வந்ததே 1983ல். 606 அதற்கு முந்தையது. அதில் இருப்பது டின் சிங்க், மெஷின்களை ஒரே வேகத்தில் ஓட்டும் பழைய முறை. முள் அமைப்பு ஒரே மாதிரி என்பதால் மிடி கேபிள் அழகாக உள்ளே போகும், ஆனால் பேசும் பாஷை வேறு. மிடி கிளாக் என்பது டிஜிட்டல் செய்தி. டின் சிங்க்கில் வருவது வெறும் மின் துடிப்பு, ஓடு/நில் என்பதற்குத் தனிக் கம்பி. இரண்டிலும் ஒரு பீட்டுக்கு 24 சிக்னல்தான், நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் நொடிக்கு 48. அதனால்தான் ஒன்று என்று தோன்றும். நடுவில் ஒரு மிடி-சிங்க் கன்வெர்ட்டர் வேண்டும். ஸ்விட்ச் இன் பக்கம் இருக்கட்டும்.

ஒலிவண்டு:
இவ்வளவு பாடு எதற்கு? 606 ஒலிகள் எல்லா ஆப்பிலும் இருக்கின்றன. பதிவு செய்த ஒலியை, அதாவது சாம்பிளைப் போட்டுவிட்டு வாசிக்கப் போங்கள்.

தாளப்பெருசு:
சாம்பிளாம்! அனலாக்கில் மின்சுற்றிலிருந்து ஒலி அந்த நேரத்தில் பிறக்கிறது. 808, 909, 606 மெஷின்கள் எல்லாம் அந்தக் குடும்பம். போட்டோவைப் பார்த்தால் பசி அடங்குமா?

ஒலிவண்டு:
909ஐ ஏன் சேர்த்தீர்கள்? அதன் தட்டு ஒலிகளான ஹை-ஹேட்டும் சிம்பலும் சாம்பிள்தானே. சிப்பில் பதிந்த ஒலி.

தாளப்பெருசு:
கிக், ஸ்னேர் டிரம் ஒலிகள் அனலாக். அதைத்தான் சொன்னேன்.

ஒலிவண்டு:
"எல்லாம்" என்று சொன்னீர்கள். மேலே போய்ப் படியுங்கள். 808ல் சிம்பலுக்குக்கூட ஆறு சதுர அலைகளைக் கலந்தார்கள், 909ல் அந்தப் பொறுமை இல்லை. அப்படியும் அதை வைத்துத்தான் உலகமே ஆடியது.

கட்டைவிரல்:
இதற்குத் தனி இழை போடுங்களேன். கேள்வி கேட்டவரைக் காணோம்.

மின்தவில்:
நண்பனிடம் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். அதில் விளக்கு மினுக்குகிறது, மெஷின் அதே மௌனம். ஸ்விட்ச் இன்னில்தான் இருக்கிறது.

கட்டைவிரல்:
கன்வெர்ட்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் எந்தக் கேபிள்? பழைய மிடி கேபிளா? பிளக் மூடி கழன்றால் திறந்து பாருங்கள். மிடிக்கு நடு மூன்று முள் போதும், அதனால் பல கேபிள்களில் ஓர முள் இரண்டிலும் கம்பியே சாலிடர் செய்திருக்க மாட்டார்கள். டின் சிங்க்கில் ஒரு ஓரம் ஓடு/நில், மறு ஓரம் கிளாக். வேண்டிய இரண்டும் அங்கேதான்.

தாளப்பெருசு:
இதை நான் முதலிலேயே சொல்லியிருப்பேன், மாடலைச் சொல்லியிருந்தால்.

மின்தவில்:
திறந்தேன். மூன்றே கம்பி. ஐந்து கம்பி கேபிள் போட்டேன், ஓடுது. நன்றி. ரிகர்சலுக்குக் கிளம்புகிறேன்.

ஒலிவண்டு:
அப்படியே புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். பெருசு, 909 பாக்கி இருக்கிறது.