அரிட்டாபட்டி மலைக்கு ஆள் வரலாமா, வேண்டாமா?

வைகைக்கரையான்:
போன ஞாயித்துக்கிழமை எட்டுப் பேரா அரிட்டாபட்டி போனோம். மதுரையிலிருந்து மேலூர் ரோட்டுல ஒரு மணி நேரம்கூட ஆகல. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு, அதாவது செடி கொடி, பறவை, விலங்குக்காகப் பாதுகாக்க வேண்டிய இடம்னு அறிவிச்ச ஊரு. 7 குன்று, 72 கம்மா, 200 சுனைன்னு படிச்சிருந்தேன், நேர்ல பார்த்தப்ப மனசு நெறஞ்சு போச்சு. லகர் வல்லூறுங்கிற வேட்டைப் பறவையோட கூட்டை ட்ரோன்ல எடுத்த வீடியோவும், அந்தக் கூடு இருக்கிற பாறையோட மேப்பும் போட்டிருக்கேன். என் கருத்து இதுதான்: மலையடியில கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், உச்சி வரைக்கும் படிக்கட்டு போட்டா குற்றாலம் மாதிரி கூட்டம் வரும், ஊரும் பிழைக்கும்.

கம்மாக்கரை:
தம்பி, வந்துட்டுப் போனதுல சந்தோஷம். ஆனா அந்த ட்ரோன் பத்திச் சொல்லாம இருக்க முடியல. அன்னைக்கு அடிவாரத்துல ஆடு விட்டுக்கிட்டு இருந்தேன். தேனீ மாதிரி சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தா, தாய்ப்பறவை கூட்டை விட்டுக் கிளம்பிருச்சு. சுத்துது, கத்துது, இறங்கவே இல்ல. மாசி மாச மத்தியான வெயில்ல எங்க பாறையில வெறுங்கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டுல முட்டையோ குஞ்சோ நிழல் இல்லாம கெடந்துச்சு. நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல, தெரியும். ஆனா உங்களுக்கு ரெண்டு நிமிஷ வீடியோ, அந்தப் பறவைக்கு அந்த வருஷத்துக் குஞ்சுகளோட உசிரு.

மேப்பைத் தயவுசெஞ்சு எடுத்துருங்க.

வைகைக்கரையான்:
அண்ணே, கூட்டுக்கு ரொம்பப் பக்கத்துல போகலன்னுதான் நெனச்சேன். தாய் கிளம்பினதைக் கவனிக்கவே இல்ல, மன்னிச்சுக்கங்க. மேப்பை எடுத்துட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். இந்தப் பக்கம் டங்ஸ்டன் கனிமம் தோண்டச் சுரங்கம் போட மத்திய அரசு ஏலம் விட்டப்ப அரிட்டாபட்டின்னு ஒரு ஊர் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? படத்தைப் பார்த்தவன், ஒரு தடவை வந்து போனவன்தான் உங்களுக்காகப் பேசினான். யாருமே பார்க்காத மலையை வெட்டினா யாரு கேப்பா?

கம்மாக்கரை:
படம் போட்டவங்க பேசினாங்க, மறக்கல. ஆனா 2025 ஜனவரி 7ந்தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் அந்தச் சுரங்கத்தை எதிர்த்து நடந்தே போனது சுத்துப்பட்டு ஊர்ச் சனம். கைப்பிள்ளையோட பொம்பளைங்க வந்தாங்க, எங்க அப்பத்தா வயசுல உள்ளவங்க வந்தாங்க. ஏலம் ரத்துன்னு ஜனவரி 23ந்தேதி சேதி வந்தப்ப வெடி போட்டதும் அந்தச் சனம்தான். கல்லு எடுக்க வர்றவன்கிட்டேயிருந்து காப்பாத்தின மலையை, குப்பை போட வர்றவன்கிட்ட கொடுக்க மனசு வரல.

மாட்டுத்தாவணி வேன்:
வணக்கம். 14 வருஷமா சுற்றுலா வேன் ஓட்டுறேன். எல்லாரும் வராதே வராதேன்னா நாங்க எங்க போறது? என் வண்டியில வர்றது பாதிக்கு மேல வயசானவங்க. மீனாட்சி கோயில், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் முடிச்சுட்டு, ‘வேற என்ன தம்பி இருக்கு’ன்னு கேப்பாங்க. அரிட்டாபட்டி குடைவரைச் சிவன் கோயிலைக் காட்டினா அப்படியே உக்காந்துருவாங்க. அவங்க ட்ரோனும் விடல, கூட்டையும் பார்க்கல. தப்பு செஞ்சவனை நிறுத்துங்க, அவங்களையும் சேர்த்து நிறுத்தாதீங்க.

கம்மாக்கரை:
அண்ணே, உங்க பொழப்பைக் கெடுக்கணும்னு நெனைக்கல. ஒண்ணு மட்டும் கேளுங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வேன்ல வந்தவங்க சுனை ஓரத்துல பரோட்டா பார்சலைப் பிரிச்சுச் சாப்பிட்டாங்க. சால்னா கவரை முடிச்சுப் போட்டு பாறை இடுக்குல சொருகிட்டுப் போயிட்டாங்க. உப்பும் எண்ணெயும் ஒட்டின கவரை ஆடு விடுமா? என் வெள்ளாடு ஒண்ணு மூணு நாள் இரை எடுக்காம, வயிறு உப்பி, சினையோட செத்துச்சு. அறுத்துப் பார்த்தப்ப உள்ள கவரு பந்து மாதிரி சுருண்டு இருந்துச்சு. நீங்க இல்ல, வேற யாரோ. ஆனா கவருல ஊரு பேரா எழுதியிருக்கு?

கல்வெட்டு டீச்சர்:
இரு தரப்பையும் படித்தேன். படிக்கட்டு யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அந்தப் பாறையில் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து இருக்கிறது. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புப் பொடி தேய்த்துப் படம் எடுப்பது வழக்கமாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மாணவிகளை அழைத்துப் போனபோது நானும் தேய்த்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் கை கூசுகிறது. காலையில் சாய்வெயில் விழும் நேரத்தில் பொறுமையாக நின்றால் எழுத்து தானாகவே எழுந்து தெரியும், தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். அங்குள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழே, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு ஒன்று உண்டு. மலையின் பெயர் திருப்பிணையன் மலை, சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமணத் துறவி என்று சொல்லிவிட்டு, ‘பாதிரிக்குடியார் ரட்சை’ (பாதிரிக்குடி ஊராரின் காவல்) என்று முடிகிறது. காவல் பொறுப்பு ஊராருடையது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆகவே எத்தனை பேர், எந்த மாதம், எந்தப் பாதை என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ நாம் சொல்லக் கூடாது.

வைகைக்கரையான்:
டீச்சர், ஊரே முடிவெடுக்கட்டும்னா நாளைக்கு ‘வெளியூர்க்காரன் வராதே’ன்னு சொன்னா? கல்வெட்டு ஊருக்கு மட்டும் சொத்தா?

கல்வெட்டு டீச்சர்:
சொத்து எல்லோருக்கும், காவல் ஊருக்கு. அளவு வைப்பது கதவைச் சாத்துவது ஆகாது. கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாளில் 4000, வாரக்கடைசியில் 6000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கொடைக்கானல் மூடிவிடவில்லையே. அத்தனை பெரிய மலைக்கே வரம்பு தேவைப்படும்போது, அரிட்டாபட்டித் தலத்தின் 193 ஹெக்டேர் இடம் எத்தனை பேரைத் தாங்கும்? ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க 2002 பல்லுயிர்ச் சட்டமே வழி செய்திருக்கிறது. அதில் உட்கார்ந்து பேசலாம்.

மாட்டுத்தாவணி வேன்:
குழு, பாஸு எல்லாம் படிச்சவங்களுக்குச் சரி, டீச்சர். விழுப்புரத்திலிருந்து வர்ற ஒரு கிழவிக்கு அதெல்லாம் தெரியுமா? வாசல்ல போய் நின்னுட்டு ‘இன்னைக்கு ஆள் நெறஞ்சிருச்சு’ன்னு திருப்பி அனுப்பினா அந்த முகத்தை நான்தான் பார்க்கணும். இதுல எனக்குச் சம்மதம் இல்ல. பார்சல் விஷயத்துல சம்மதம். இனி என் வண்டியில மஞ்சப்பையும் தூக்குவாளியும் இருக்கும், சாப்பாடு அடிவாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்.

கம்மாக்கரை:
அது போதும்ணே. கிழவியைத் திருப்பி அனுப்ப மாட்டோம், குடைவரை வரைக்கும் நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பாறை மேல ஏறுறதுக்குத்தான் அளவு கேக்குறேன். வர்றவங்க ஊருப் பையன் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு, அவனுக்குக் கூலி கொடுத்துப் போகட்டும். எந்தப் பாறையில கூடு, எந்தச் சுனையில குடிதண்ணின்னு அவனுக்குத் தெரியும்.

வைகைக்கரையான்:
படிக்கட்டு வேண்டாம்னு ஒத்துக்குறேன். கழிப்பறை வேணும்ங்கிறதை விட மாட்டேன், இல்லன்னா கம்மாக்கரைதான் நாறும். வீடியோவையும் எடுத்துட்டேன். மறுபடி எப்ப வரலாம்ணே?

கம்மாக்கரை:
குஞ்சு பறக்கட்டும். ஐப்பசி மழைக்கு அப்புறம் கம்மா நெறஞ்சதும் வாங்க. விடிய முன்னாடி மந்தையில நில்லுங்க, நடந்தே போவோம்.